ஐந்து ஓலைப் பெட்டிகளும் ஒரு சுளகும்: சின்னப் பிள்ளையுள்ள வீட்டில் எட்டு மாதம்

கடந்த ஆண்டு யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, கோயிலுக்குச் செல்லும் வீதியொன்றில் போட்டிருந்த சிறிய கடையில் எங்கள் மகளுக்காகப் பனையோலைப் பொருட்கள் சில வாங்கினோம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ஐந்து மூடுபெட்டிகள் 1,900 ரூபா, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய அகலமுள்ள குட்டிச் சுளகு 450 ரூபா, நீத்துப்பெட்டி 350 ரூபா, கிலுகிலுப்பை 300 ரூபா; எல்லாமாக 3,000 ரூபா. கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கவில்லை. பொருட்களை இழைத்த பெண்மணியே அங்கு அமர்ந்து விற்றார். பிள்ளைக்கு அப்போது ஒரு வயதும் நான்கு மாதமும். இந்தச் சித்திரையோடு இரண்டு வயது நிறைந்துவிட்டது. ஒரு மாரியையும் ஒரு கோடையின் தொடக்கத்தையும் இந்தப் பொருட்கள் எங்கள் வீட்டில் கண்டுவிட்டபடியால், எதை நம்பி வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இங்கே காலை பத்து மணி கடந்தால் முற்றத்து மண் பிள்ளையின் பாதம் பொறுக்காத அளவுக்குச் சுடத் தொடங்கிவிடும். மாலை நான்கு மணி வரை விறாந்தைக்குள்ளேதான் பொழுது போக வேண்டும். அதில் ஒன்றரை மணித்தியாலம் தூங்குவாள். மீதி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் இந்த வயதுப் பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள கேள்வி. கனடாவிலிருந்து அழைக்கும் பெரியம்மாவோடு கதைக்க எடுத்த கைபேசி, கதைத்து முடிந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே இருந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் அது நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. நாள் முழுவதிலும் குறைந்தது 180 நிமிடமாவது பிள்ளை ஓடியாடி உடலை அசைக்க வேண்டும். கைபேசியைப் பறித்துவிடுவது எளிது. வெறுமையான அந்தக் கைக்கு வேறெதைக் கொடுப்பது என்பதுதான் கடினம்.

பெட்டிகளுக்கு வருகிறேன். இவை சார்வோலையை மெல்லிதாக வார்ந்து இழைத்தவை. நம் ஊர்ப் பெட்டிகளுக்கு வழக்கமானபடி அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமைந்தவை. ஐந்தில் பெரியதைப் பிள்ளை இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். ஆகச் சிறியது ஒரு தேசிக்காயைக் கொள்ளும். முதல் மாதம் முழுவதும் அவள் செய்தது திறப்பதும் கொட்டுவதும் மட்டுமே. நான் அடுக்கி வைப்பேன், அவள் வந்து கவிழ்ப்பாள். இவளுக்கு விளையாடத் தெரியவில்லையே, எல்லாவற்றையும் குலைக்கிறாளே என்று அப்பம்மா கவலைப்பட்டார். ஆனால் 12 முதல் 18 மாதம் வரையான பிள்ளைகள் ஒரே செயலைச் சிறிது சிறிதாக மாற்றிச் செய்து, ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது என்று பார்ப்பதை அந்தப் பருவத்தின் இயல்பாகவே உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியிருக்கிறார். கூர்ந்து பார்த்தபோது அது எனக்கும் தெரிந்தது. முதலில் நின்றுகொண்டு கொட்டினாள், பிறகு இருந்துகொண்டு கொட்டினாள், பிறகு வாங்கின் மேலிருந்து கொட்டினாள். ஒவ்வொரு முறையும் பொருட்கள் எங்கே உருண்டு போகின்றன என்பதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற பிரித்தானியக் கல்வியாளர், நடை பழகிய பிள்ளைகளுக்கு ஏராளமான கொள்கலன்களையும் அவற்றுள் போட்டெடுக்கக் கூடிய வீட்டுப் பொருட்களையும் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் குறுக்கிடாமல் அருகில் இருக்க வேண்டும் என்ற விளையாட்டு முறையைப் பரப்பினார். அதற்கு நம்மிடம் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. குசினியில் பாதி இருக்கிறது. எங்கள் பெரிய பெட்டிக்குள் இப்போது இருப்பவை: ஓரம் தேய்த்து மழுக்கிய இரண்டு சிரட்டைகள், மர அகப்பை, தையற்காரர் தந்த வெறும் நூற்கட்டைகள், பழைய சேலையிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள், கழுவிக் காய வைத்துத் தும்பை ஒட்ட வெட்டிய மூன்று பனங்கொட்டைகள். பனங்கொட்டை இந்த வயதுக்கு மிக அருமையான பொருள். வாய்க்குள் அடங்காத பருமன், கைக்கு நல்ல பாரம், நிலத்தில் விழுந்தால் உருளவும் செய்யும், நேராக உருளாமல் வளைந்தும் போகும். பெட்டிக்குள் போட்டு மூடி ஆட்டினால் கடகடவென்று சத்தமும் போடும். உள்ளே போடும் எதற்கும் நான் வைத்திருக்கும் அளவு ஒன்றே: மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கப் பயன்படும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் முழுமையாக அடங்கிவிடும் எதுவும் பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடும். புளியங்கொட்டை, சோகி, பயறு, கௌபி எல்லாமே இந்தக் கணக்கில் விலக்கப்பட வேண்டியவை.

மூடியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். திறக்கத் தெரிந்த பிள்ளைக்கு மூடத் தெரிய நான்கு மாதம் பிடித்தது. மார்கழி மழை பெய்த ஒரு பிற்பகல், பாயில் ஐந்து பெட்டிகளும் ஐந்து மூடிகளும் சிதறிக் கிடந்தன. இரண்டாவது பெட்டியை மடிக்குள் வைத்துக்கொண்டு மூன்றாவதன் மூடியை எடுத்தாள். அது சிறியது, பெட்டியின் வாய்க்குள் விழுந்தது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள், மறுபடியும் விழுந்தது. பிறகு ஆகப் பெரிய மூடியை எடுத்தாள். அது பெட்டி முழுவதையும் மறைத்துக்கொண்டு பாயில் குந்தியது. பெட்டி எங்கே என்று ஒரு கணம் திகைத்து, மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். உரிய மூடி கைக்கு வந்தபோதும் அது உடனே இறங்கவில்லை. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்து அழுத்தினாள். ஓலையோடு ஓலை உரசும் மெல்லிய 'சரக்' என்ற சத்தத்தோடு மூடி இறங்கியது. என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உடனே அதைத் திறந்து மறுபடியும் மூடினாள். நான் எண்ணத் தொடங்கிய பிறகு மட்டும் பதினொரு தடவை.

பிளாஸ்ரிக் டப்பாவோடு இது நடந்திருக்காது. அதன் மூடியைப் பொருத்த விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இந்த வயதில் இல்லாத பலம் வேண்டும், அல்லது திருக வேண்டும். ஓலை மூடி விட்டுக்கொடுக்கிறது. சற்றுக் கோணலாக வைத்தாலும் வளைந்து இறங்குகிறது, ஆனால் அளவு பிழைத்தால் இறங்க மறுக்கிறது. பிழையைப் பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்த முடிகிறது என்பதால் பெரியவர்கள் 'இது இல்லை, அது' என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே 1,900 ரூபா தகும் என்பேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் எங்களிடம் ஒன்று இருந்தது. பெரியம்மா அனுப்பிய காசில், சின்னப் பிள்ளைகளுக்கான செயற்பாட்டுப் பெட்டி என்று இணையத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றை 7,900 ரூபாவுக்குத் தருவித்திருந்தோம். பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும், விளக்கு எரியும், வடிவங்களைத் துளையில் போடலாம். மூன்றாம் நாளே பொத்தானைத் தவிர மற்ற எதையும் அவள் தொடுவதை விட்டுவிட்டாள். அதைவிட முக்கியமானது, காசு போன்ற சிறிய வட்டமான பொத்தான் பற்றரி இருந்த அறையின் மூடியில் திருகாணி இல்லை; நகத்தால் தள்ளினாலே திறந்தது. பொத்தான் பற்றரியை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்படுத்திவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

சுளகு நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பயன்பட்டது. அப்பம்மா குசினி வாசலில் அரிசி புடைக்கும்போது இவளும் அருகே சப்பாணி கட்டிக்கொண்டு தன் குட்டிச் சுளகைத் தூக்கித் தூக்கிப் போடுவாள். வெறுஞ்சுளகைப் புடைப்பதில் ஆர்வம் நீடிக்காது. உதிர்ந்த பூவரசம் பூக்களை அள்ளிப் போட்டுக் கொடுத்தால் அரை மணித்தியாலம் நிற்கும். பூ மேலே போகும், சில வெளியே விழும், விழுந்ததைப் பொறுக்கி மறுபடியும் போட வேண்டும். குனிந்து நிமிர்ந்து எழுந்து நடப்பதால் உடலுக்கும் வேலை. தலையணைமேல் சுளகைச் சாய்த்து வைத்து மேலிருந்து தேசிக்காயை உருட்டிவிடுவது அவள் தகப்பனார் கண்டுபிடித்த விளையாட்டு. சுளகின் விளிம்பு காயை வெளியே போகவிடாமல் தடுத்துத் திருப்புவதால் அது ஒவ்வொரு முறையும் வேறு வழியில் இறங்கும். பெரிய தேசிக்காயாகத் தெரிந்து எடுங்கள். சின்னக் காய்கள் மேலே சொன்ன அளவுக்குக் கிட்டவாக வந்துவிடும்.

பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைத் தண்ணீர் விளையாட்டுக்கு எடுத்தோம். பேசினில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, நீத்துப்பெட்டியால் மொண்டு தூக்கினால் கூம்பின் நுனியால் நூலாகவும் துளியாகவும் ஒழுகும். அவள் மறுகையை அடியில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தீரும் வரை அசையாமல் இருப்பாள். ஆனால் இதைச் சமையலுக்கு வைத்திருக்கும் பெட்டியோடு கலக்க வேண்டாம், விளையாட்டுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர் விளையாட்டு என்றால் கிணற்றடியில்தான் நடக்கும். அங்கே தண்ணீர் கைக்கெட்டும், ஈரம் வழிந்து ஓடும் என்பதால். தயவுசெய்து அங்கே வேண்டாம். கிணற்றடியை விளையாட்டு இடமாகப் பழகிய பிள்ளை, நாம் பார்க்காத நேரத்திலும் அங்கேதான் போகும். விறாந்தை ஓரமே போதும். பேசினில் இருக்கும் சிறிதளவு தண்ணீரில்கூடச் சின்னப் பிள்ளை மூழ்கக் கூடும் என்பதால், அழைப்பு வந்தாலும் அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டே எழும்ப வேண்டும்.

மா விளையாட்டுக்கு ஓலை ஒத்துவரவில்லை. இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், சிறிது மஞ்சள், அளவாகத் தண்ணீர் சேர்த்து நானே குழைத்துக் கொடுப்பேன். உப்பு மிகுந்த மா என்பதால் தின்ன விடாமல் பக்கத்தில் இருப்பேன். அந்த மாவைப் பெட்டியின் மூடியில் அழுத்தி எடுத்தால் இழைப்பின் கோலம் அப்படியே பதியும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இழைகளுக்கிடையில் புகுந்த மாவை முழுவதும் எடுக்க முடியவில்லை. நான்காம் நாள் அந்த மூடியில் பூஞ்சணம். இப்போது மூடியின் மேல் மெல்லிய துணியை விரித்துவிட்டு அழுத்துகிறோம். கோலம் சற்று மங்கலாகப் பதிகிறது.

இனி, கிலுகிலுப்பை. தை மாதத்தில் ஒரு காலை பாயை உதறும்போது சிவப்பும் கறுப்புமாக ஒரு மணி உருண்டு போயிற்று. குன்றிமணி. கிலுகிலுப்பையை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை நாளும் சப்பியதில் ஒரு மூலையின் ஓலை நைந்து, சிறு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. வெட்டித் திறந்தேன். உள்ளே ஏழு மணிகள். முதலில் எத்தனை இருந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உண்டு. தோல் மிகக் கடினமானது என்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். ஆனால் கடித்தாலோ உடைந்தாலோ, கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றோட்டம் போன்றவை சில மணித்தியாலம் கழித்தோ அதற்கும் பிந்தியோதான் தொடங்கும் என்பதால், விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபடியே, பொருட்களைச் சுற்றித் தந்த கடதாசியில் எழுதியிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். "எட்டுத்தான் தங்கச்சி, ஒவ்வொண்டிலயும் எண்ணி எட்டுத்தான் போடுறனான்" என்றார் அந்த அம்மா. பாயில் ஒன்று, உள்ளே ஏழு. ஆனாலும் வைத்தியரிடம் காட்டிவிட்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் நேரில் போய் அந்த எட்டு மணிகளையும் காட்டினேன். கோபத்தோடுதான் போனேன். அவர் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. "என்ர அம்மாவும் இதைத்தான் போட்டவ. நஞ்செண்டு கேள்விப்பட்டிருக்கிறன், பிள்ளை வாய்க்குப் போகுமெண்டு நினைக்கேல்ல" என்றார். பிறகு எழுந்து, சுவரில் மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்த கிலுகிலுப்பைகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கடகத்துக்குள் போட்டார். 300 ரூபாவையும் திருப்பித் தந்தார். அவர் இப்போது பொடிக்கல் போட்டு இரட்டையாக இழைக்கிறார். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓலைக் கிலுகிலுப்பை எதையும், எவரிடமும் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. எச்சில் ஊறிய ஓலை என்றோ ஒரு நாள் விலகியே தீரும். உங்கள் வீட்டில் பழையது ஏதும் இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். பழைய பல்லாங்குழிப் பெட்டிக்குள்ளும் குன்றிமணி கிடக்கிறதா என்று பாருங்கள்.

மற்றக் குறைகள் சிறியவை. மூன்றாவது பெட்டியில் சிவப்பும் பச்சையுமாகச் சாயமிட்ட இழைகள் இருந்தன. வாங்கிய வாரத்திலேயே பிள்ளையின் உதட்டோரம் சிவந்திருந்தது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தபோது துணியிலும் சாயம் ஏறியது. அதைத் திருப்பிக் கொடுத்து, சாயமில்லாத ஒன்றை மாற்றி வாங்கினேன். வாய்க்குள் எல்லாம் போகும் வயதுக்கு ஓலையின் சொந்த நிறமே போதும். கார்த்திகை மழையில் இரண்டு பெட்டிகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்தது. உலர்ந்த பிரஷால் முற்றத்தில் வைத்துத் தட்டி, வினாகிரி தோய்த்த துணியால் துடைத்து, காலை வெயிலில் அரை மணித்தியாலம் வைத்ததில் போய்விட்டது. உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள். ஓலை முறுகி வெடிக்கும். அப்படி வெடித்த ஒரு மூலையின் முனை மகளின் விரலைக் கீறியது. காயம் சிறிதுதான், ஆனால் அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை எல்லா மூலைகளையும் என் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஐந்தில் நான்கு பெட்டிகள் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. கீறியதை நாரால் தைத்து, துணிகள் போட்டு வைக்கும் பெட்டியாக்கிவிட்டோம்.

புதிதாக வாங்குபவர்கள் சாயமில்லாத மூடுபெட்டி மூன்றும் ஒரு குட்டிச் சுளகும் எடுத்தால் போதும். ஐந்து பெட்டிகளும் ஒன்றாகத் தேவைப்பட்டது இவளுக்கு இருபது மாதத்துக்குப் பிறகுதான். விளிம்பு இரண்டாக மடித்து இழைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றையாக விட்டது விரைவில் பிரியும். நடக்கத் தொடங்காத பிள்ளைக்கு இந்தத் தொகுதி அவசரமில்லை. அதேபோல், வீட்டில் மூன்று நான்கு வயதுக்காரர்களும் இருந்தால் அவர்கள் பெட்டியின் மேல் ஏறி நின்று நசுக்கிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடந்த வாரம் அந்த அம்மாவிடம் ஆறாவதாக ஒரு பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். மூடியின் நடுவே வட்டத் துளை வைத்து, உள்ளே போட்ட பொருள் மறைந்துபோகும்படி ஆழமாக இழைக்க வேண்டும். போட்டதைத் தேடி மூடியைத் திறக்கும் விளையாட்டுக்கு மகள் இப்போது தயாராக இருக்கிறாள். துளையின் அளவு என்ன என்று கேட்டார். பையிலிருந்த தேசிக்காயொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.